இளவரசன் அளவில் தைத்த சட்டை

முன்னொரு காலத்திலே கருவேல நாட்டைச் செண்பகராயன் என்று ஒரு அரசன் ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று நினைத்தால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். ஒருநாள் அவனுக்குத் தன் நாட்டு நகரங்களில் எது நன்றாக வாழ்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது.

கருவூல அதிகாரி பூவராகன் உடனே கணக்கோடு வந்தான். ஒவ்வொரு நகரத்து நெல்லையும் மொத்தமாக அளந்து, தலைகளால் வகுத்திருந்தான். அவன் நிர்வாகத்தில் இருந்த பொன்னளந்தபட்டினத்தில்தான் நாளொன்றுக்குத் தலைக்கு ஒரு படி நெல் வந்தது. மற்ற நான்கு நகரங்களில் முக்கால் படிகூட இல்லை. அரசனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவ்வளவு செழித்த ஊருக்கு ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் கஞ்சித்தொட்டி எதற்கு, பௌர்ணமியோடு மூடிவிடுங்கள் என்றான். பூவராகன் எதிர்பார்த்ததும் அதைத்தான். அந்தத் தொட்டிகளைத் திறந்தவர் அமைச்சர் சிவந்தியப்பர். அவர் பெயரை ஊர் வாழ்த்துவது இவனுக்கு ஆகவில்லை.

சிவந்தியப்பர் எழுந்து வேண்டாம் என்றார்.

"கணக்கில் தப்பு இருக்கிறதா?" என்று அரசன் கேட்டான்.

"தப்பில்லை, அரசே. ஆனால் அந்த ஒரு படி எல்லார் வீட்டுக்கும் போகவில்லை."

"அப்படியானால் வேறு அளவுகோல் கொண்டுவாரும். இல்லாவிட்டால் முத்திரை மோதிரத்தைப் பூவராகனிடம் கொடுத்துவிடும்."

அமைச்சருக்கு அன்றெல்லாம் பொன்னளந்தபட்டினத்து உப்பளத் தெருப் பெண்கள் கஞ்சிக்கு வரிசையில் நிற்பது கண்ணிலேயே நின்றது. மறுநாள் அரசனிடம் போய், இளவரசனுக்கு ஏழு வயது நிறைகிறதே, அவன் பிறந்த மாதத்தில் பொன்னளந்தபட்டினத்தில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அன்றைக்கு வெள்ளித் தண்டை கொடுத்தோமே, இப்போது அத்தனை பேரையும் அழைத்து இளவரசன் அளவிலேயே பட்டுச் சட்டை போட்டுவிடலாமே என்றார். அரசனுக்குப் பிடித்துப்போயிற்று. கிழவர் காக்காய் பிடிக்கிறார் என்று நினைத்த பூவராகன், பெயரைத் தானே தட்டிக்கொண்டு போக, பட்டு தன் செலவு என்று முந்திக்கொண்டான்.

விழா வந்தது. வணிகர் தெருப் பிள்ளைகளுக்குச் சட்டை கச்சிதமாக இருந்தது. பிறகு உப்பளத் தெருப் பிள்ளைகள் வந்தார்கள். கைகள் சட்டைக்குள் காணாமல் போயின. ஒரு சிறுமி ஓரம் தடுக்கி விழுந்தாள்.

அரசன் கோபமாக, "ஏழு வயதுக்காரர்களைக் கேட்டால் நாலு வயதுக் குழந்தைகளைக் கூட்டி வந்திருக்கிறீரே" என்றான்.

அமைச்சர் அந்தச் சிறுமியைத் தூக்கி நிறுத்தி, எப்போது பிறந்தாய் என்று கேட்டார்.

"இளவரசர் பிறந்த வேட்டுச் சத்தம் கேட்டபோதுதான் நானும் பிறந்தேனாம். அம்மா சொல்லும்" என்றாள்.

இளவரசன் பக்கத்தில் அவளை நிறுத்தினார்கள். அவள் தலை அவன் தோளுக்குக்கூட எட்டவில்லை. 

அப்போதுதான் அரசன் மூலையில் குவிந்துகிடந்த சட்டைகளைப் பார்த்தான். அவை யாருக்கு, அவர்களையும் வரச்சொல்லும் என்றான். தண்டை வாங்கிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கே சட்டை தைக்கச் சொன்னவர் சிவந்தியப்பர்தான். சில சட்டைகள் மிஞ்சும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை மிஞ்சும் என்று அவரும் நினைக்கவில்லை. சாமர்த்தியமாகச் சொல்லத் தயாரித்து வைத்திருந்த பதிலை அவர் சொல்லவில்லை.

"அவர்கள் வரமாட்டார்கள், அரசே. செத்துப்போனார்கள்" என்றார்.

பூவராகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அரசன் தடுத்து, "இந்தக் குவியலையும் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்லும், கேட்கிறேன்" என்றான். பூவராகனின் பதவி போயிற்று. அந்தச் சட்டைகளை அவனே சுமந்துபோய், பிள்ளையைப் பறிகொடுத்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. கஞ்சித்தொட்டிகள் தப்பின. அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான்.

சிவந்தியப்பர் கைகூப்பி, மற்ற நான்கு நகரத்துப் பிள்ளைகளையும் இதேபோல் அழைத்துப் பார்க்க அனுமதி கேட்டார்.

அரசன் அந்தச் சட்டைக் குவியல் பக்கம் திரும்பவே இல்லை. மகன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"அங்கே தலைக்கு எவ்வளவு என்றான் பூவராகன்?"

"முக்கால் படிக்குக் கொஞ்சம் குறைவு, அரசே."

"அந்தக் கணக்கே இருக்கட்டும். பிள்ளைகளை அழைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனான்.

நாடெங்கும் சிவந்தியப்பரின் புத்தியைக் கொண்டாடினார்கள். அவர் மட்டும் அந்த முத்துமாலையை ஒருநாளும் அணியவில்லை.