அமோனியாவின் நாலாவது பலூன்

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உரத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் அமோனியாவோடு மல்லுக்கட்டியவர் சுடலைமுத்து. ஐம்பதை நெருங்கும் வயதில் தபால்வழியில் வேதியியல் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தார். ஞாயிறுதோறும் பாடம் எடுத்த பெர்பெத்துவா டீச்சருக்கு வயது முப்பத்தொன்று. ஆனாலும் அவர் முன்னால் சுடலைமுத்து கைகட்டித்தான் நிற்பார்.

அன்று டீச்சர் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார். அமோனியா மூலக்கூறின் வடிவத்தை வரையச் சொன்ன கேள்விக்குப் பூஜ்யம்.

சுடலைமுத்துவால் நம்ப முடியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் கசிவு எந்தக் குழாயில் என்று மூக்காலேயே சொல்லிவிடுபவர் அவர்.

“டீச்சர், நடுவுல நைட்ரஜன். சுத்தி மூணு ஹைட்ரஜன். ஒண்ணையொண்ணு தள்ளுச்சுன்னா முக்கோணமா, தட்டையாத்தானே நிக்கணும்?”

டீச்சர் மேசை இழுப்பறையிலிருந்து நாலு பலூன்களை எடுத்து ஒரே அளவாக ஊதி, கழுத்துகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டார். அவை நெருக்கித் தள்ளிக்கொண்டு, யாரும் பிடித்து வைக்காமலே நாலு பக்கமும் விலகி நின்றன. மூன்றில் பேனாவால் ஹைட்ரஜன் என்று எழுதினார். முடிச்சுதான் நைட்ரஜன் என்றார்.

“நாலாவதுல என்ன?”

“அதுல அணு கிடையாது, அண்ணாச்சி. வெறும் எலக்ட்ரான் ஜோடி. தனித்த ஜோடி.”

“யாரோடயும் சேராததை எதுக்குக் கணக்குல எடுக்கணும்?”

டீச்சர் நாலாவது பலூன் மேலே வரும்படி பிடித்தார். மற்ற மூன்றும் முக்காலியின் கால்கள் போலக் கீழே சாய்ந்திருந்தன. விடைத்தாளில் குத்தியிருந்த குண்டூசியை உருவி, மேலே இருந்ததைக் குத்தினார்.

வெடித்த சத்தத்தில் சுடலைமுத்து பதறிப் பின்னால் நகர, நாற்காலி சாய்ந்து விழுந்தது. மிஞ்சிய மூன்று பலூன்களும் சட்டென்று எழும்பி, தட்டையாக விரிந்து நின்றன.

“நீங்க வரைஞ்சிருக்கறது இதைத்தான்,” என்றார் டீச்சர். “ஆனா அமோனியாவுல அந்த ஜோடி எங்கயும் போகலை. அங்கயேதான் இருக்கு.”

சுடலைமுத்துவின் முகம் வெளுத்திருந்தது. டீச்சர் பயந்துபோய்த் தண்ணீரை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

“எம் மூத்த மக செண்பகா போய் மூணு வருஷம், டீச்சர். மூளைக் காய்ச்சல். ஒன்பது நாளைக்கு முன்னாடி ரேஷன் கார்டுல அவ பேரை எடுத்துட்டு வந்தேன். இனி நாம மூணு பேருதான்னு வீட்ல சொன்னேன். அன்னையிலிருந்து என் பொஞ்சாதி பேச்சித்தாய் என்கிட்ட பேசலை.”

டீச்சர் தண்ணீரை மேசைமேல் வைத்தார்.

“சாப்பிட உக்காந்தா நான், அவ, மகன், மூணு பேரும் ஒரு ஓரமா நெருக்கியடிச்சு உக்காருதோம். ஜன்னல் பக்கம் அப்படியே காலியாக் கெடக்கு. மூணு வருஷமா. நானும் அப்படித்தான் உக்காந்திருக்கேன். எனக்கே இப்பத்தான் தெரியுது.”

சுடலைமுத்து நாற்காலியைத் தூக்கி நிறுத்தினார். பாடத்துக்குத் திரும்புகிறவர்போல நோட்டைத் திறந்தார்.

“கோணம் எவ்வளவு, டீச்சர்?”

“நாலும் சமமாத் தள்ளினா நூத்தி ஒன்பதரை டிகிரி வரணும். அமோனியாவுல நூத்தி ஏழுதான். அந்தத் தனித்த ஜோடி மத்ததை இன்னும் நெருக்குது.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

“அந்தப் பக்கம் ஆளே இல்லையே, டீச்சர். அது எப்படிக் கூடுதலாத் தள்ளும்?”

டீச்சர் மிஞ்சிய மூன்று பலூன்களைக் காட்டினார்.

“ஹைட்ரஜனோட சேந்த மத்த ஜோடிகளை ரெண்டு பக்கமும் அணு பிடிச்சிருக்கு. அதனால ஒடுங்கி நிக்குது. இதை இந்தப் பக்கம் நைட்ரஜன் மட்டும்தான் பிடிச்சிருக்கு, அண்ணாச்சி. அந்தப் பக்கம் பிடிக்க யாருமில்ல. அதான் அவ்வளவு இடம் கேக்குது.”

சுடலைமுத்து நோட்டில் எதுவும் எழுதவில்லை.