வாத்தின் தலையில் இரண்டு கோடு

அந்தக் காலத்தில், பறவைகள் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, வரித்தலை வாத்துக்குத் தலையில் வரியே கிடையாது. வெளுத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளை. நம்பாதவர்கள் எழுந்து போகலாம்.

தெற்கே ஒரு குளத்தங்கரையில் முப்பிடாதி என்றொருத்தி துணி வெளுத்துப் பிழைத்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. மார்கழியில் வருகிற ஒரு வாத்துக்குத் தன் சோற்றில் பாதியை வைப்பாள். "இதுதாம்மா என் தாய்வீடு" என்று அது சொல்லும். பங்குனி வெயில் ஏறியதும் பறந்துவிடும்.

நீர்க்காகத்துக்கு இது பொறுக்கவில்லை.

"போன வருசம் வந்தது வேற, இது வேற. எல்லாத் தலையும் வெள்ளைதான். உன் மகள்னு எதை வச்சுச் சொல்லுதே?"

முப்பிடாதிக்குச் சுருக்கென்றது. வாத்து கிளம்பும் முன் அதை மடியில் இருத்தி, சேங்கொட்டைச் சாற்றில் ஊசியை முக்கி, உச்சந்தலையில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். வீட்டுக்கு வீடு துணி மாறாமலிருக்கப் போடுகிற குறிதான் அது. கல்லில் அடித்தாலும் போகாது.

"வலிக்குதாட்டி?"

"கொஞ்சம்."

"பொறுத்துக்கோ."

அடுத்த மார்கழியில் அதே கோட்டோடு அதே வாத்து வந்து இறங்கியது. நீர்க்காகம் வாயை மூடிக்கொண்டது. பெருமையோடு வாத்தை அள்ளிய முப்பிடாதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கோட்டுக்குக் கீழே, பிடரியில், இன்னொரு கோடு.

"இது யாரு போட்டா?"

"பனிமலைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற அம்மா. உன் கோட்டைப் பார்த்துட்டு அவளுக்குச் சோறே இறங்கலை. அப்புறம் அவளும் ஒண்ணு போட்டுட்டா. அவகிட்டயும் தாய்வீடுன்னுதான் சொல்லியிருக்கேன்."

முப்பிடாதி பேசாமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டாள்.

"முட்டை எங்கே இடுதே?"

"அங்கேதான்."

பிள்ளை பெறுவதற்குப் பெண்கள் தாய்வீட்டுக்குத்தானே போவார்கள்? அப்படியானால் இவள் யார்? மகனைப் பெறாமலே மாமியாராகிப் போனாள், பாவி.

"இனிமே இந்தக் குளத்துல கால் வைக்காதே" என்று ஈரத்துணியைச் சுழற்றி வாத்தை விரட்டினாள்.

மறுவருடம் மார்கழி வந்தது, வாத்து வரவில்லை. வைத்த சோறு புளித்தது. பனியில் செத்திருக்குமோ, நான்தான் கொன்றேனோ என்று முப்பிடாதி துணிக்கல்லிலேயே தலையை முட்டிக்கொண்டாள்.

தை பிறந்த பிறகு, எதிர்க்கரையில் வாத்து வந்து நின்றது. பின்னால் குஞ்சுகள். சொன்ன சொல்லுக்குப் பயந்து தண்ணீரில் கால் வைக்காமல் நின்றது. முப்பிடாதி கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் போய், கிடைத்த குஞ்சைத் தூக்கினாள்.

அந்தத் தலையில் இரண்டு கோடு.

கரையில் கிடந்த, துணி அழுக்கெடுக்கிற உவர்மண்ணை எடுத்துத் தேய்த்தாள். போகவில்லை. இன்னொன்றைத் தூக்கினாள். அதற்கும் இரண்டு.

"இதுகளுக்கு யாரு போட்டா?"

"யாரும் போடலைம்மா. முட்டையை விட்டு வரும்போதே இருந்துச்சு. பனிமலை அம்மாவும் உன்னை மாதிரித்தான் தேய்ச்சுப் பார்த்தா."

முப்பிடாதி குஞ்சை மார்போடு அணைத்து, ஈரச் சேலையோடு கரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு, "பட்டினியோடவா நிக்கீங்க?" என்று சோறு எடுக்க எழுந்தாள்.

அன்று முதல்தான் வரித்தலை வாத்துகள் இரண்டு கறுப்புக் கோட்டோடு இருக்கின்றன. முட்டையிட அங்கே போகும், குஞ்சுகளைக் காட்ட இங்கே வரும்.