இயந்திரமும் நின்றது

"பதினோரு வாரமா எண்ணெய் ஊத்துறேன். சக்கரம் ஒரு நூலு அசையல" என்றார் சன்னாசி.

"அப்போ பன்னெண்டாவது வாரமும் ஊத்துங்க, தோழரே" என்றாள் லூர்து.

சன்னாசிக்கு எழுபத்து மூன்று வயது. எட்டு வேலைநிறுத்தங்களை நடத்தியவர். மூன்று முறை சிறைக்குப் போனவர். எவன் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை. இப்போது ஒரு புல்வெட்டும் டிராக்டர் முன்னால், கையில் எண்ணெய்ப் புட்டியோடு நின்றார்.

லூர்து குன்னூரில் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவள். ஐம்பத்தைந்து வயது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் மோட்டாரைத் தொடமாட்டாள். பழைய தோட்டத்து டிராக்டர்களைப் பிரித்து, துடைத்து, சேர்த்து ஓடவைப்பாள். விற்க மாட்டாள். ஓடவிட்டுக் கேட்பாள். அவ்வளவுதான். பட்டறைக்குப் பின்னால் கொட்டகையில் அப்படி மூன்று வண்டிகள் உயிரோடு இருந்தன.

நான்காவது, சன்னாசி கொண்டுவந்தது.

அவர் வேலை செய்த தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் வண்டி அது. பங்களா இப்போது தங்கும் விடுதி. வண்டியைப் பழைய இரும்புக்குத் தூக்கிப் போக லாரி வந்தது. சன்னாசி லாரி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். மறியல் செய்து பழகிய உடம்பு.

ஒரு காலத்தில் வியாழக்கிழமைதோறும் அந்த வண்டி பங்களாவில் புல் வெட்டும். டுப் டுப் என்று அதன் சத்தம் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் வரை இறங்கி வரும். அப்போது அவருக்கு ரத்தம் கொதிக்கும். கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கூரை இல்லை. துரையின் புல்லுக்கு ஒரு டிராக்டர்!

இன்று லயங்கள் காலி. கூட நின்று கோஷம் போட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். துரையும் போய்விட்டான். திட்டுவதற்குக்கூட ஆள் மிச்சமில்லை.

அவருடைய இடது காது போலீஸ் தடியில் போனது. வலது காதும் இந்த மழைக்காலத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அதுக்குள்ள அந்தச் சத்தத்தை ஒருதடவை கேட்டுடணும். கத்துக் குடும்மா. நானே சரிபண்றேன்." முதல் ஞாயிறு அவர் சொன்னது அதுதான்.

லூர்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வண்டி எதனால நின்னுச்சு?"

"துரு."

"அப்போ பிளக்கைக் கழட்டி எண்ணெய் ஊத்துங்க. எஞ்சின் சக்கரத்தைக் கையால மட்டும் திருப்பிப் பாருங்க. சுத்தியலைத் தொடாதீங்க."

அன்று புகைக்குழாயின் வாயில் ஒரு துணி அடைத்து, கம்பியால் கட்டியிருந்தது.

"செத்த வண்டிக்கு எவன் வாய்க்கட்டு கட்டினான்?" என்று சன்னாசி சிரித்தார்.

லூர்து சிரிக்கவில்லை. கம்பியைப் பிரித்தாள். காக்கித் துணி. அதை மடித்து அலமாரியில் வைத்தாள்.

ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி. அதே பதில். அதே எண்ணெய்.

அவள் சவரிமுத்துவின் மகள் என்று சன்னாசிக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சவரிமுத்துதான் அந்த வண்டியை ஓட்டியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் தோட்டமே வேலையை நிறுத்தியபோது, அவர் மட்டும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு துரைக்குப் புல் வெட்டினார். சன்னாசி துண்டறிக்கை எழுதினார். 'கருங்காலி சவரிமுத்து' என்று கொட்டை எழுத்தில். லயத்துச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். அவர் வீட்டுக் கதவிலும் ஒட்டினார்கள்.

பத்தாம் நாள் வண்டி நின்றது. அதற்குப் பிறகு ஓடவேயில்லை.

அடுத்த துண்டறிக்கைக்கும் சன்னாசியே தலைப்பு வைத்தார்: 'இயந்திரமும் நின்றது!' அதைப் பாட்டாகக் கட்டிப் பாடினார்கள். சோர்ந்திருந்த கூட்டம் மறுபடி எழுந்தது. அந்த வாரமே துரை பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தான்.

சவரிமுத்துவுக்கு வேலை போனது. அது எந்தத் துண்டறிக்கையிலும் வரவில்லை.

"சொல்லுங்க தோழரே" என்றாள் லூர்து, பன்னிரண்டாவது முறையாக. "வண்டி எதனால நின்னுச்சு?"

சன்னாசி எண்ணெய்ப் புட்டியைக் கீழே வைத்தார்.

"மணல்."

அவள் அவருடைய வலது காதுப் பக்கம் வந்து நின்றாள்.

"இது எத்தனை வாரம் ஊத்தினாலும் அசையாதும்மா. உள்ள மணல் இருக்கு. ரெண்டு கை மணல். உங்கப்பா மத்தியானம் சாப்பிடப் போனப்போ எண்ணெய் ஊத்துற வாயில கொட்டினேன். நான்தான்."

"மேடையில இதைச் சொன்னதே இல்லையே?"

"தானா நின்னுச்சுன்னு சொன்னாத்தான் கைதட்டினாங்க."

லூர்து ஒரு ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். எஞ்சினின் அடியில் ஒரு போல்ட்டைக் காட்டினாள். ஒரு தகரத் தட்டை நகர்த்திக் கீழே வைத்தாள்.

"கழட்டுங்க."

முழங்கால் வலிக்க அவர் குனிந்து கழற்றினார். எண்ணெய் இறங்கியது. கறுப்பாய், கூழாய், கடைசிச் சொட்டு வரை.

"விரல்ல தேய்ச்சுப் பாருங்க. எங்கப்பா எண்ணெய்க் குச்சியை உருவி விரல்ல தேய்ச்சுப் பார்க்காம எந்த வண்டியையும் எடுக்க மாட்டாரு. சாப்பிட்டுட்டு வந்தாலும் பார்ப்பாரு."

சன்னாசி இரண்டு விரலால் தேய்த்தார். வழுவழுவென்று இருந்தது.

தட்டின் அடியில் கையை விட்டுத் துழாவினார். ஒரு துணுக்குகூட நெருடவில்லை.

"மணல் எங்கம்மா?"

"அப்பா அன்னிக்கே கழுவிட்டாரு. மூணு தடவை மண்ணெண்ணெய் விட்டு. அப்புறம் புது எண்ணெய் ஊத்தி, மழை இறங்காம புகைக்குழாய் வாயைக் கட்டிவச்சாரு. தன் சட்டையைக் கிழிச்சு."

"அப்போ இப்ப புடிச்சிருக்கிறது?"

"துருதான். முதல் நாளே நீங்க சரியாத்தான் சொன்னீங்க. சக்கரத்தைத் திருப்புங்க."

சன்னாசி எண்ணெய்க் கையோடு சக்கரத்தைப் பிடித்தார். மூச்சைப் பிடித்துத் திருப்பினார்.

கிரீச்சென்றது. வலது காதில் தெளிவாய்க் கேட்டது.

ஒரு நூல் நகர்ந்தது. இன்னொரு நூல். சக்கரம் அவர் கைக்குக் கட்டுப்பட்டுச் சுற்றத் தொடங்கியது.

அவர் நிறுத்திவிட்டார்.

"லூர்தும்மா."

"சொல்லுங்க."

"மணல் இல்ல. எஞ்சினு நல்லா இருந்திருக்கு. அப்புறம் அன்னிக்கு இது ஏன் நின்னுச்சு?"

லூர்து அலமாரியிலிருந்து காக்கித் துணியை எடுத்துவந்து, அவர் கையைத் துடைத்துக்கொள்ளக் கொடுத்தாள்.

"ஓட்டினவரு நிறுத்தினாரு."