தீபாவளியா, தீர்த்தமா?

திருமேனி மடத்தில் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்து. குருவுக்கு நாற்பதுதான் இருக்கும். மகன் வயசுக்காரரைச் சாமி என்று கூப்பிட அவர் கூச்சப்படவில்லை. அத்தனை வருஷம் சினிமாவில் சிரிப்பு நடிகராக இருந்தவருக்குக் கூச்சம் எங்கே மிச்சம் இருக்கும்?

ஒரு படத்தில் அவர் திக்குவாய்க்காரராக வருவார். வைக்கோல் போரில் தீப்பிடித்துவிடும். அதைச் சொல்ல ஓடி வந்து, "தீ... தீ... தீ..." என்று கண்ணை உருட்டித் தவிப்பார். ஊர்க்காரர்கள் சுற்றி நின்று, "தீபாவளியா? தீர்த்தமா?" என்று கேட்பார்கள். அதற்குள் போர் எரிந்து சாம்பலாகிவிடும். தியேட்டரே குலுங்கும். அந்த ஒரு காட்சியால்தான் அவர் வீடு கட்டினார், பெண்ணைக் கட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் டிவியில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மடத்துக்கு வருகிறவர்களும் குருவைக் கும்பிட்ட கையோடு இவரிடம் வந்து, "சார், ஒரே ஒரு தடவை" என்பார்கள். இவரும் செய்து காட்டிவிடுவார். அவர்கள் போன பிறகு வாயெல்லாம் கசக்கும்.

ஒரு நாள் காலையில் குருவிடம் கேட்டேவிட்டார்.

"சாமி, எனக்கு மௌன விரதம் குடுங்க."

"ஏன் ஐயா?"

"என் குரலே எனக்குப் பிடிக்கல. நம்ம வெயிலுமுத்து மாதிரி வாயை மூடிக்கிட்டு நிம்மதியா இருக்கணும்."

வெயிலுமுத்து மடத்துச் சமையல்காரர். யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். வருஷக்கணக்காக மௌன விரதம் என்று எல்லோருக்கும் தெரியும். குருவை விட்டுவிட்டு அவர் காலில் விழுந்துவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு.

குரு அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார்.

"விரதம் என்கிட்ட இல்ல ஐயா. அடுப்படியில போய் அவருக்குக் காய் நறுக்கிக் குடுங்க. அப்புறமா வந்து கேளுங்க."

திருமேனி போனார். வெயிலுமுத்து அரிவாள்மனையை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டுமல்ல, எல்லா நாளும் அப்படித்தான். இவர் முகத்தை அவர் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. சோறு போடும்போதும் கண் இலையில்தான் இருக்கும். தவம் முற்றினால் இப்படித்தான் போலிருக்கிறது என்று திருமேனி மலைத்துப்போனார். திருமேனிக்குத் தன்னைத் தவிர வேறு யாரையும் பார்த்துப் பழக்கமில்லை.

ஒரு நாள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தீ... தீ... தீ..."

திரும்பிப் பார்த்தார். சோற்றுப் பானையை இரண்டு கையாலும் பிடித்தபடி வெயிலுமுத்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

திருமேனிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மௌனசாமியே விரதத்தை விட்டுவிட்டு நம் காட்சியை நடித்துக் காட்டுகிறாரே! அதுவும் எவ்வளவு தத்ரூபமாக! கையைத் தட்டிச் சிரித்தார்.

"தீபாவளியா? தீர்த்தமா?"

வெயிலுமுத்து பானையை அப்படியே கீழே போட்டார். சோறு தரையெல்லாம் கொட்டியது. வாளித் தண்ணீரைத் தூக்கித் திருமேனியின் மேல் வீசினார். அப்போதுதான் திருமேனிக்குக் கெண்டைக்காலில் சுரீரென்றது. குனிந்து பார்த்தால், பின்பக்கம் வேட்டி முழங்கால்வரை கருகியிருந்தது.

அவர் சிரிப்பு நின்றது. வெயிலுமுத்துவின் உதடு மட்டும் அந்த ஓரெழுத்திலேயே நின்று துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பைத்தான் திருமேனி ஒரு காலத்தில் கண்ணாடி முன்னால் நின்று நாள்கணக்கில் பழகினார். ஆனால் இந்தக் கண்ணில் இருந்த பயத்தை அவர் பழகவே இல்லை. பழகியிருந்தால் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள்.

வெயிலுமுத்து கீழே உட்கார்ந்து அவர் காலில் மெதுவாகத் தண்ணீர் விட்டார். பிறகு சிந்திய சோற்றை அள்ளப் போனார்.

திருமேனி நொண்டிக்கொண்டே குருவிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"சாமி, அவருக்கு விரதமே இல்ல."

"இல்ல."

"திக்குவாய்."

"ஆமா."

"எப்பலேருந்து பேசறதில்ல?"

"உங்க படம் எங்க ஊருக்கு வந்த பொங்கல்லேருந்து. அதுவரைக்கும் திக்கித் திக்கிப் பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு. பாட்டுன்னா திக்கவே திக்காது. அவ்வளவு நல்லா பாடுவாரு."

மீதியைத் திருமேனியே சொன்னார்.

"வாயைத் திறந்தாலே ஊரு கேட்டிருக்கும். தீபாவளியா, தீர்த்தமான்னு."

"அவரு எந்த எழுத்துல ஆரம்பிச்சாலும் அதைத்தான் கேட்டோம்."

"கேட்டோமா?"

"எங்க தெருவுல முதல்ல கேட்டது நான்தான் ஐயா. சின்னப் பையன். படம் பார்த்துட்டு வந்த சூட்டோட கேட்டேன். தெருவே சிரிச்சுது. எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு."

அடுப்படியில் பானை தேய்க்கிற சத்தம் கேட்டது.

"அப்போ இந்த விரதக் கதை?"

"நான் கட்டிவிட்டதுதான். பேசாத ஆளைப் பார்த்தா எதாவது கேட்டுச் சீண்டுவாங்க. விரதம்னா கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க."

"அவருகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா சாமி?"

"தினமும் கேக்கறேன். பதில் சொல்ல அவரு வாயைத் திறக்கணுமே. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் திறந்தாரு."

திருமேனி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அதுக்கும் நான் சிரிச்சுட்டேன்."

அப்படியே குருவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"விரதத்தைக் குடுத்துடுங்க சாமி. இந்த வாய் இனிமே எனக்கு வேண்டாம்."

"வாய் இருக்கட்டும் ஐயா. அவரு சொல்ல வந்தது இன்னும் பாதியிலதான் நிக்குது. போய்ப் பக்கத்துல உட்காருங்க. எத்தனை வருஷம் ஆனாலும் சரி, இந்தத் தடவை அதை நாம முடிச்சுவைக்க வேண்டாம்."