பூட்டுக்கு வெளியே தெரிந்த பெயர்

“பூட்டின ரூமுக்குள்ள நான் போகவே இல்ல மேடம். கதவுல எழுதியிருந்ததத்தான் படிச்சேன். படிச்சது குத்தம்னா, எழுதி வச்சவங்கள என்ன சொல்லுவிய?”

நாகர்கோவிலில் ஒரு பரிசோதனைக்கூடம். அதன் முன்மேசைப் பெண் பிரீடா இதையே மூன்றாம் தடவையாகச் சொன்னாள்.

“வாயைப் பூட்டத் தெரியல, பேச்சைப் பாரு!” என்றார் கூடத்தை நடத்தும் டாக்டர் சுகிர்தா. கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் செல்வின் தரையைக் கவனித்துக்கொண்டிருந்தான். நோயாளி ரோஸ்லெட்டை உட்காரச் சொல்ல மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“சண்டைய முடிச்சிட்டுக் கூப்பிடுங்க,” என்றாள் அவள். “எங்கிட்ட அவ்வளவு நேரம் இல்ல.”

நடந்தது இதுதான். ரோஸ்லெட்டுக்கு மார்பகப் புற்று என்று உறுதியானபோது, மகள் ஆன்சி மதுரையில் நர்சிங் கடைசி வருடப் பரீட்சைக்கு உட்காரவிருந்தாள். இந்தத் தடவை விட்டால் அடுத்த வருடம்தான்; அதுவரை தான் இருப்போமா என்பது ரோஸ்லெட்டுக்கு நிச்சயமில்லை. “பரீட்சை முடியும் வரைக்கும் பிள்ளைக்குத் தெரியக் கூடாது” என்று கேட்டாள். டாக்டர் வாக்குக் கொடுத்தார்.

அறிக்கையைத் தாம் மட்டும் திறக்கக்கூடிய ஃபோல்டரில் வைத்தார். ஆனால் தேடுவதற்குச் சுலபம் என்று ஃபைலின் பெயரிலேயே ஆளையும் ஊரையும் நோயையும் எழுதிவைப்பது அவர் பழக்கம். அடுத்தவர் ஃபோல்டரை எட்டிப் பார்க்காத செல்வினுக்கு இந்தப் பழக்கம் தெரியாது.

கூடத்துக் கம்ப்யூட்டர்கள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தது. பூட்டிய ஃபைலைப் பிறர் திறக்க முடியாது. ஆனால் யார் எதைத் தேடினாலும், அதோடு பொருந்துகிற பூட்டிய ஃபைலின் பெயர் மட்டும் அவர் திரையில் வந்து நிற்கும். தயாரித்தவர்கள் எச்சரித்துத் திருத்தமும் அனுப்பியிருந்தார்கள். அதைப் போட அரைநாள் வேலையை நிறுத்த வேண்டும். செல்வின் அனுமதி கேட்டான்.

“பேருதானே தெரியுது? அடுத்த மாசம் பாக்கலாம்,” என்றார் டாக்டர்.

பிரீடா வேறொரு ரோஸ்லெட்டின் சர்க்கரை அறிக்கையைத் தேடினாள். திரையில் வந்தது: ‘ரோஸ்லெட், கோட்டாறு, மார்பகப் புற்று’. இந்த ரோஸ்லெட்டின் மகள் ஆன்சி, பிரீடாவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவள். பிரீடா பதறிப்போய் அவளுக்குப் போன் செய்தாள். முதல் பரீட்சையை எழுதிவிட்டு வெளியே வந்த ஆன்சி, அப்படியே பஸ் ஏறிவிட்டாள்.

ரோஸ்லெட்டின் ஆசை கெட்டதற்கு இந்த மூவரில் முதல் பொறுப்பு யார்? கீழே பார்க்காமல் சொல்லுங்கள்.

விடை: பிரீடா அவசரக்காரி, தாயை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் டாக்டர் கொடுத்த வாக்கு அவளுக்குத் தெரியாது. பெயர்கள் வெளியே தெரிவதை அறிந்த செல்வினுக்கு, அந்தப் பெயரிலேயே நோய் இருப்பது தெரியாது. வாக்கு, ஓட்டை, பெயர் மூன்றையும் அறிந்தவர் டாக்டர் ஒருவர்தான். பொறுப்பும் அவருடையதே. அன்றைக்கே கூடத்தை மூடித் திருத்தத்தைப் போடவைத்தார் என்பதும் உண்மை. அதனால் ரோஸ்லெட்டுக்கு என்ன? வீட்டுக்குப் போனாள். ஆன்சி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“மிச்சம் மூணு பரீட்சையையும் போய் எழுதிட்டு வா, மக்களே,” என்றாள் மகளிடம்.

ஆன்சி கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.