ஐந்தாவது கழுவல்

"மேடம், நான் ஆராய்ச்சி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு காலேஜுக்கே போயிரலாம்னு இருக்கேன்."

இருதயராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். முனைவர் பட்டத்துக்காக ஃபரீதாவின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஆறு வருடமாகிறது.

குரு சீடரைவிடப் பதினோரு வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

பதிவு முடிய நாற்பது நாள்தான் இருந்தது. இனி நீட்டித்துத் தரமாட்டார்கள். அதற்குள் முடியாவிட்டால் ஆறு வருடமும் ஆற்றில் கரைத்த புளிதான்.

"இன்னைக்கும் தின்னலையா?" என்றார் ஃபரீதா.

"தின்னலை மேடம்."

நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி அடுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குள் வேண்டாத ஆர்.என்.ஏ. இழைகள் ஏராளமாகச் சேரும். அவற்றை ஒழிக்க இரண்டு புரதங்கள் ஜோடி போட்டு வேலை பார்க்கின்றன. ஒன்று இழையைப் பிரித்து இழுத்துக் கொடுக்கும். இன்னொன்று நுனியிலிருந்து கடித்துத் தின்னும்.

இருதயராஜ் அந்த ஜோடியைச் செல்லிலிருந்து பிரித்தெடுத்து, கழுவிச் சுத்தமாக்கி, குழாயில் போட்டுப் பார்க்கிறார். சாதாரண இழையை அது நொடியில் தின்றுவிடும். ஆனால் சில இழைகள் தமக்குள்ளேயே மடிந்து இறுக்கிக் கட்டிக்கொள்ளும். அங்கே போனதும் இரண்டும் நின்றுவிடும்.

"அளவைக் கூட்டிப் பாத்தீங்களா?"

"பத்து மடங்கு போட்டுட்டேன். அசைய மாட்டேங்குது."

"சரி, முதல்ல சாப்பிடுங்க சார்."

கடையிலிருந்து பார்சல் வந்திருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தின் நூலை இருதயராஜ் ஒரு இழு இழுத்தார். உருவிக்கொண்டு வந்துவிட்டது.

சாம்பார்ப் பை அப்படி இல்லை. கட்டியவனுக்கு யார்மேல் கோபமோ. இருதயராஜ் இழுத்தார். இன்னும் இறுகியது. பல்லால் கடித்தார். நூல் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டதே தவிர அறவில்லை. பலங்கொண்ட மட்டும் கடித்தார்.

ஃபரீதா பையை வாங்கினார். துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, முடிச்சுக்குள் விட்டு லேசாக நெம்பினார். ஒரு நுனி வெளியே வந்தது. பையைத் திறக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

இருதயராஜ் நுனியைப் பிடித்து இழுத்தார். நூல் மொத்தமும் சுற்றிச் சுற்றி வந்துவிட்டது.

"நான் கடிச்சேனா சார்?"

"இல்லை."

"அறுத்தேனா?"

"இல்லை. நெகிழ்த்தி மட்டும் விட்டீங்க."

சொல்லிவிட்டுச் சோற்றில் கையை வைத்தவர், பிசையாமல் அப்படியே இருந்தார்.

"உங்க புரதத்தை எத்தனை தடவை கழுவறீங்க?" என்றார் ஃபரீதா.

"அஞ்சு தடவை. கடைசித் தடவை கெட்டி உப்புக் கரைசல்ல." அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்தக் கூடத்தில் அவர் அளவுக்குச் சுத்தம் பார்க்கிறவர் கிடையாது.

"முதல் வருஷம்?"

"ரெண்டே தடவை. அப்ப ஒரே அழுக்கு மேடம். கூட ஏதோ ஒரு புரதம் ஒட்டிக்கிட்டே வரும்."

"அந்த அழுக்கோட போட்டப்ப, கட்டு விழுந்த இழை என்ன ஆச்சு?"

இருதயராஜ் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"காணாமப் போச்சு," என்றார் மெதுவாக. "அழுக்கு கெடுத்துருச்சுன்னு நோட்டுல அடிச்சு விட்டேன்."

ஃபரீதா சாம்பாரைத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.

அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. கழுவிய தண்ணீரைக்கூட ஆய்வேடு முடியும்வரை யாரும் கொட்டக்கூடாது. ஃப்ரீசரில் இடமில்லை என்று அந்தச் சட்டத்தை அதிகம் திட்டியவர் இருதயராஜ்தான். இப்போது எச்சில் கையோடு ஃப்ரீசரைப் பார்த்து எழுந்தவரை ஃபரீதா உட்கார வைத்தார்.

"சாப்பிட்டு, கைகழுவிட்டுப் போங்க சார். மூணு குழாய் போடுங்க. ஒண்ணுல உங்க ஜோடி மட்டும். ஒண்ணுல அழுக்குப் புரதம் மட்டும். ஒண்ணுல எல்லாம் சேர்த்து."

ஐந்தாவது கழுவலில் எடுத்து வைத்த தண்ணீரிலிருந்து உப்பை நீக்கி, அந்தப் புரதத்தைப் பிரித்தெடுக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் ஃபரீதாவின் அறைக்கு வந்தார். கையில் படம், குழாய்க்கு ஒரு கோடாக; இழை மிச்சமிருந்தால் அதில் கறுப்பாகத் தெரியும். நடை மட்டும் மாப்பிள்ளை நடையாக இருந்தது.

"ஜோடி மட்டும் போட்டதுல இழை அப்படியே இருக்கு. அழுக்கு மட்டும் போட்டதுலயும் அப்படியே இருக்கு."

"மூணாவதுல?"

"ஒண்ணுமே இல்லை மேடம். வெறும் வெள்ளை."

நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் தன்னை நினைத்தே அவருக்குச் சிரிப்பு வந்தது. கண் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

"அஞ்சு வருஷமா மேடம். பாத்துப் பாத்துக் கழுவுனேன்."

ஃபரீதா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெறுமையாக இருந்த மூன்றாம் கோட்டை நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா கழுவியிருக்கீங்க சார்," என்றார். "இல்லைன்னா அது தனியா கிடைச்சிருக்காது."