சேகண்டி கேட்டு வந்த கரடி

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வடிவம்மையின் ஆசிரமம் இருந்தது. அம்மைக்கு நாற்பது வயதுதான். சீடர் மாசிலாமணி அவரைவிட மிகவும் மூத்தவர். கல்லூரி விடுதியில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது "இன்னொரு கரண்டி" என்று கேட்டால் போதும், மனிதர் குளிர்ந்துபோவார்.

மாலைப் பூசையில் சேகண்டி அடித்துப் படைத்ததும், ஒரு பிடி சர்க்கரைப் பொங்கலை வெளியே பாறையில் வைப்பது வழக்கம். காக்கைக்கும் அணிலுக்கும் என்று வைத்தது. அம்மை வெளியூர் போயிருந்தபோது ஒரு நாள் கரடி வந்தது, முதுகில் குட்டியோடு. மறுநாளே மாசிலாமணி பெரிய உருளியை அடுப்பில் ஏற்றிவிட்டார். அம்மை திரும்பும்வரை தினமும் விருந்துதான்.

அவர் திரும்பிய அன்று காலை வனக்காவலர் மாதன் வந்தார்.

"நேத்து உங்க கரடி சோத்து வாசம் புடிச்சு, கீழே தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லைன் வீட்டுக் கதவை உடைச்சிருக்குங்கம்மா. உள்ளே கைக்குழந்தையோட ஒரு பொண்ணு. நல்லவேளை, ஒண்ணும் ஆகலை. இன்னொரு தடவை இறங்குச்சுன்னா கூண்டு வெச்சிருவாங்க. தாயைப் புடிச்சுட்டா குட்டி பிழைக்காது."

அவர் போனதும் மாசிலாமணி குமுறினார்.

"பசிக்குச் சோறு போட்டது ஒரு குத்தமாம்மா?"

"காட்டுல அதுக்குத் தீனி இல்லையா?"

"இருக்கே. கறையான் புத்து, தேன், நாவப்பழம்..."

"இத்தனை நாள்ல குட்டி எந்தப் புத்தைத் தோண்டப் பழகுச்சு?"

மாசிலாமணி அடுப்பிலிருந்த உருளியைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்குப் பொங்கல் வேண்டாம். வந்தா விரட்டுங்க."

"நானா?"

"உங்களைத்தானே அதுக்குத் தெரியும்."

மாலையில் கரடி வந்தது. மாசிலாமணி வாசலுக்குள் நின்றபடி சேகண்டியை ஓங்கி ஓங்கி அடித்தார். கரடி பாறையருகே வந்து சாவகாசமாக உட்கார்ந்தது. அவர் இன்னும் பலமாக அடித்தார். அது இன்னும் கிட்டே வந்தது. பாவம், இலை போட்டாயிற்று என்றல்லவா அதற்குக் கேட்கிறது!

"அந்தச் சத்தத்துக்குத்தானே அது வருது," என்றார் அம்மை. "வேற எடுங்க."

மாசிலாமணி உள்ளே போய் உருளியைத் தூக்கிவந்தார். கீறல் விழும் என்று யாரையும் கரண்டி போட்டுச் சுரண்டவிடாத உருளி. அதை இரும்புக் கரண்டியால் திரும்பத் திரும்ப அறைந்தார்.

"போ! இங்கே உனக்கு ஒண்ணுமில்லை! போய்த் தொலை!"

கரடி பின்னங்காலில் எழுந்து அவரைப் பார்த்தது. அவர் கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கண்ணீர் கொட்டியது. கையிலிருந்த கரண்டியைப் பாறைமேல் வீசியெறிந்தார். குட்டி அலறிக்கொண்டு தாயின் முதுகில் ஏறியது. இரண்டும் புதருக்குள் மறைந்தன.

இப்படியே சில மாலைகள் போயின. பிறகு சேகண்டி அடித்தாலும் கரடி வரவில்லை.

மழைக்கு முன்பு மாதன் மறுபடி வந்தார். "லைன் வீட்டுப் பக்கமே காணோம்மா. மேல் காட்டுல புத்தெல்லாம் புதுசா தோண்டிக் கிடக்கு. பெரிய குழிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு குழி."

மாசிலாமணி நசுங்கிய உருளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைத் தடவியபடி கேட்டார்.

"அது என்னைப் பத்தி என்ன நினைச்சிருக்கும்மா?"

"மனுஷன் பொல்லாதவன்னு நினைச்சிருக்கும்," என்றார் அம்மை. "குட்டிக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கும்."